கேமராவுக்கு முதுகு காட்டிய கோரல்

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் கடற்கரையில் எடுத்த டிவி தொடர் எதிலாவது படகு வெடித்தால், அது என் கைவேலைதான். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அடுத்தவன் படகைக் கழுவிச் சொந்தப் படகுத்துறை வைத்தவன் நான். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். ஆனால் இது கோரல் டிவைனின் கதை.

ரகசிய உளவுப் படை ஒன்றைப் பற்றிய தொடர் அது. நாயகிக்குப் பதிலாகக் கூரையிலிருந்து விழுவதும் கடலில் குதிப்பதும் கோரல். பொன்னிற டோப்பா அவளுடையது, முகம் நாயகியுடையது. இவள் முகம் தெரிந்துவிட்டால் அந்தக் காட்சி வீண்.

சொந்த ஊரான டூவூம்பாவிலிருந்து அவள் அம்மா வாராவாரம் போன் செய்வார். "எல்லாரையும் பாத்தேன். நீ எங்கடி இருந்தே?"

கோரல் இயக்குநர் ஹியூவை விடாமல் நச்சரித்து, படையில் புதிதாகச் சேரும் உளவாளி வேடத்தை வாங்கிவிட்டாள். டோப்பா கிடையாது. படகின் மேல்தட்டில் நின்று கேமராவை நேராகப் பார்த்து, "எல்லாரும் தப்பிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். உடனே படகின் பின்பக்கம் வெடிக்கும், கடலில் குதிக்க வேண்டும். அம்மாவுக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

நான் வைத்த வெடியைக் குறை சொல்ல ஆளில்லை. சொன்ன நொடியில் வெடித்தது. ஆனால் வெடிக்குத் தயாரானதுமே முகத்தை மறைத்தே பழகிய கோரலின் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. வசனமும் முதுகைக் காட்டியபடியேதான் வந்தது.

கரையேறியவள் முடியைப் பிழிந்தபடி என்னிடம் கேட்டாள். "திரும்பிட்டேனா?"

"சுத்தமா."

"டெஸ், நீயாவது கத்தியிருக்கக் கூடாதா?"

"வெடிச் சத்தத்துல யாருக்கும்மா கேக்கும்?"

"ஒரு கழுத்து. அதைக்கூட நேரா வச்சுக்கத் தெரியலை எனக்கு."

ஹியூ அவள் தோளில் துண்டைப் போர்த்தினார். "திங்கக்கிழமை முகத்தை மட்டும் தனியா எடுத்துக்கலாம், கோரல்."

திங்கட்கிழமை காலை, மேக்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். படப்பிடிப்பு வளாகத்தின் வாசல் பூட்டிக் கிடந்தது. பார்ப்பவர்கள் குறைவு என்று தொலைக்காட்சிக்காரர்கள் தொடரையே நிறுத்திவிட்டார்களாம். காவலாளி கையிலிருந்த கறி பஃப்ஸைத் தின்றுகொண்டே சொன்னான். எடுத்தவரை உள்ள காட்சிகளை ஒட்டி, சில வாரம் கழித்துக் கடைசிப் பாகம் என்று ஒளிபரப்பிவிட்டார்கள்.

அது ஒளிபரப்பான அன்றும் அம்மா போன் செய்தாராம். "படகுலேருந்து ஒருத்தி குதிச்சாளே, நல்லா குதிச்சா. உன்னைத்தான் கடைசிவரை காணோம்."

மறுநாள் கோரல் என் துறைக்கு வந்தாள்.

"வெடிக்கிறதுக்கு இன்னொரு படகு வச்சிருக்கியா, டெஸ்?"

என்னிடம் மூன்று இருந்தன. கேமராதான் இல்லை.