மாதாவுக்கு நேர்ந்த பேட்டரி

ரெஜினா அத்தை ஒரு காலத்தில் ஊர் சுற்றுகிற பொம்பளை. திட்டாகச் சொல்லவில்லை, அவள் தொழிலே அதுதான். விடிவதற்குள் காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையைத் தலையில் வைத்தால், விம்கோ நகர், எண்ணூர் என்று வடக்குப் பக்கமாக நடந்துகொண்டே இருப்பாள். கூடை காலியாகாத அன்றைக்கு ரயிலேறி மீஞ்சூர் வரைக்கும் போவாள். காலியான அன்றைக்கும் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு போய்விட்டு வருவாள்.

"நீ மீன் விக்க நடக்குறியா, நடக்க மீன் விக்குறியா?" என்று ஆண்ட்ரூ மாமா கேட்பார். அவள் புருஷன். கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குள் போக நிற்கிற லாரி வரிசையில் ராத்திரி பகலாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. நடக்கிற பெண்டாட்டிக்கு நகராத புருஷன். மாதா பார்த்துப் பார்த்துதான் ஜோடி சேர்த்திருக்கிறாள்.

ஒருமுறை அந்த லாரியின் சக்கரத்தில் மாமாவின் கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். அத்தை வராண்டாவிலேயே முட்டி போட்டு, "இந்தக் கால வுட்டுக் குடு தாயே, என் காலால வேளாங்கண்ணி வரைக்கும் நடந்து வர்றேன்" என்று நேர்ந்துகொண்டாள். கால் பிழைத்தது. மாமா மறுபடியும் லாரி ஏறினார். மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். பாக்கி இருந்தது அத்தையின் பங்கு மட்டும். நடப்பதென்றால் அவளுக்கு அல்வா மாதிரி, இதில் என்ன கஷ்டம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அதற்குள் சோலார் வந்துவிட்டது.

திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் சந்து. முனையில் மாதா சிலை வைத்த ஒரு சின்னக் கல் குகை, அதாவது கெபி, இருப்பதால் கெபி சந்து. உப்புக் காற்றில் இங்கே கேபிள் இற்றுப்போகும். காற்று அடித்தால் கரண்ட் போகும். அடிக்காவிட்டால் எல்லா வீட்டிலும் ஃபேன் சுற்றி, அதனால் போகும். ஒரு புயலுக்கு அப்புறம் சந்து முழுக்க இருட்டிலேயே கிடந்தது. கடுப்பான ஆண்ட்ரூ மாமா பழைய இரும்புக் கடையில் போய், செல்போன் டவரில் இருந்து கழற்றிப் போட்ட இரண்டு சோலார் பேனல்களைப் பிடித்துவந்தார். மொட்டைமாடியில் பேனல், முன்னறையில் இரண்டு பெரிய பேட்டரி, சுவரில் இன்வெர்ட்டர். இடம் போதாமல் கட்டில் வெளியே போனது.

"இனிமே நம்ம வூட்ல கரண்டு போவாது" என்று சொல்லிவிட்டு அவர் லாரிக்குப் போய்விட்டார்.

முதல் கரண்ட் கட்டுக்கு ஒரு போன் சார்ஜுக்கு வந்தது. அடுத்ததற்கு அரை சந்து வந்தது. அப்புறம் டீக்கடை மஜீது பாய் தன் மகள் சைமாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். அந்தக் குழந்தைக்கு வீசிங். நெஞ்சு இழுக்க ஆரம்பித்தால், மருந்தைப் புகையாக்கி மூக்கில் விடுகிற மெஷினை உடனே போட வேண்டும். மெஷினுக்கு கரண்ட் வேண்டும். குழந்தை அத்தையின் மடியிலேயே மாஸ்க்கோடு தூங்கிப்போனது. மஜீது பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ இல்லன்னா நாங்க இன்னா பண்ணுவோம்க்கா" என்றார்.

அந்த வார்த்தையைத்தான் அத்தை அப்புறம் தினமும் கேட்டாள். சந்தில் ஒவ்வொருத்தரும் சொன்னார்கள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவள் வீட்டு வாசல் கொஞ்சம் சின்னதானது.

காலையில் பேனலைத் துடைக்க வேண்டும். எண்ணூர்ப் பக்கம் கரி எரித்துக் கரண்ட் எடுக்கிற இடத்துச் சாம்பலும் கடல் உப்பும் சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாக மேலே படிந்திருக்கும். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்துவிட்டு எங்களுக்குச் சாம்பலை மட்டும் அனுப்புகிறார்கள் என்று நான் சொன்னால், பழைய புடவைத் துணியைப் பிழிந்துகொண்டே "வாய மூடிகினு தண்ணி ஊத்து" என்பாள். பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்க வேண்டும். எந்தப் போன் முதலில், எது அடுத்து என்று பஞ்சாயத்து பண்ண வேண்டும். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். மீன் கூடை வாசல்படியோடு நின்றுவிட்டது. விம்கோ நகர் பொம்பளைகள் வேறு ஆளிடம் மீன் வாங்கப் பழகிவிட்டார்கள். சாயங்காலத்தில் அவள் முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவே சும்மா நடந்துகொண்டிருப்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். எட்டடி வைத்தால் சுவர் வந்துவிடும்.

வீட்டுச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். எங்கள் சந்தைப் பற்றித் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். மஜீது பாயிடம் கொடுத்தால் டீக்கடை ஃப்ரிட்ஜ் ஓடும் என்பார்கள். எங்கள் வீட்டில் கொடுத்தால் எங்கள் அம்மா பிலோமி சீரியல் பார்ப்பாள் என்பார்கள். இரண்டும் உண்மை. இந்தச் சந்தில் எல்லாரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம், "அது ரெஜினா கையிலதான் நிக்கும்" என்பதுதான்.

ராயபுரத்தில் இருந்து வருஷா வருஷம் ஆகஸ்ட்டில் ஒரு குழு வேளாங்கண்ணிக்கு நடக்கும். கஸ்பார் மாமா தலைவர். துறைமுகத்தில் தச்சு வேலை. மூன்று சக்கர வண்டியில் மாதா சுரூபத்தை வைத்து, சீரியல் லைட் கட்டி, எல்லாரும் காவி உடுத்திப் பின்னாலேயே போவார்கள். முதல் வருஷம் அத்தை காவிப் புடவையோடு பையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது, சைமாவுக்கு இழுத்தது. பையைக் கீழே வைத்துவிட்டாள். அடுத்த வருஷம் சாவியை எங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு பாரிஸ் கார்னர் வரைக்கும் போய்விட்டாள். அங்கே போன் வந்தது. எங்கள் அம்மா ஒரே ஒரு சட்டைக்கு அயர்ன் பாக்ஸ் போட்டிருக்கிறாள். இன்வெர்ட்டர் கத்திக் கத்தி அணைந்துபோய், சைமாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அத்தை காவிப் புடவையோடு பஸ் ஏறித் திரும்பி வந்தாள். அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டையைப் பார்த்து, "காலர் மடிப்பு நல்லா வந்துகீது" என்றாள். அம்மா அன்றைக்கு சாப்பிடவில்லை.

இந்த வருஷம் ஆகஸ்ட் வந்தபோது அத்தை பேசுவதையே குறைத்துவிட்டாள். அலமாரியில் இருந்து காவிப் புடவையை எடுப்பாள், உதறுவாள், மடித்து வைப்பாள்.

"மாதா கோச்சிக்குமா அத்தை?" என்றேன்.

"மாதா கோச்சிக்காது. அது கால வுட்டுச்சி. நான்தான் காலக் கட்டிகினு குந்திகினு கீறேன். மாமா ஒவ்வொரு வாட்டி வண்டி எடுக்கும்போதும் எனக்கு அந்தக் காலு மேலயே கண்ணு போவுது, சாண்ட்ரா." முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.

எனக்கு அழுகிற ஆட்களோடு இருக்கத் தெரியாது. பத்தாவதில் பாதியில் நின்றவள் நான், ஆறுதல் பாடம் அதற்கப்புறம் நடத்தியிருப்பார்கள் போல. அதனால் எப்போதும்போல் ஒரு ஜோக்கை எடுத்துவிட்டேன். "பேசாம பேட்டரியவும் இட்டுனு போய்டு. அதுவும் பாவம், வந்ததுல இருந்து எங்கயும் போனதில்ல."

அவள் சிரிக்கவில்லை. பேட்டரியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு கஸ்பார் மாமாவைப் பார்க்கப் போனாள்.

இரண்டு நாள் கழித்து சாயங்காலம், கெபி முன்னால் ஜெபமாலை முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும்போது கஸ்பார் மாமா தொண்டையைக் கனைத்தார்.

"போன வருஷம் மாதா வண்டிக்கு ஜெனரேட்டர் வச்சோம். பாதி வழியில படுத்துடுச்சி. நாலு ராத்திரி மாதா இருட்டுலதான் வந்துது. இந்த வாட்டி ரெஜினா ஒரு பேட்டரியும் ஒரு பேனலும் மாதாவுக்கு நேர்ந்துகிச்சி."

சந்து வாயைத் திறந்தது. அப்படியே மூடியது. மாதா முன்னால் வைத்து நேர்ந்த பொருளைத் திருப்பிக் கொடு என்று யார் கேட்பது? வேறு மதத்துக்காரரான மஜீது பாய்கூடக் கேட்கமாட்டார்.

"அந்த பேட்டரிய யார் பார்த்துக்குவாங்க?" என்று ஒருத்தர் மெதுவாகக் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்கோ" என்றார் கஸ்பார் மாமா. "யார் கையில நிக்கும்?"

எங்கள் அம்மாதான் சொன்னாள். "ரெஜினா கையிலதான்." சொன்ன பிறகுதான், பேட்டரியோடு அத்தையும் போகிறாள் என்று அவளுக்கே புரிந்தது.

மஜீது பாய் ஓரமாக நின்றிருந்தார். "அக்கா, நீ போறத நான் தடுக்கல. பாப்பாவுக்கு மட்டும் ஒரு வழி சொல்லிட்டுப் போ."

"சொல்லாம போவேனா பாய்? இன்னொரு பேட்டரி, இன்னொரு பேனல் இங்கியே கீது. ஆனா ஒரே ஒரு பிளக்குதான். பாப்பா மெஷினுக்கு. மிச்சத்தெல்லாம் கழட்டிட்டேன். போனு, ஃபேனு, அயர்ன் பாக்ஸு எதுவும் கெடையாது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாவி?" என்றார் பாய்.

அத்தை என்னைக் கைகாட்டினாள். சந்து சிரித்தது.

"இவளா? போன வாரம் இருட்டுல 'கரண்டு வந்துடுச்சி'ன்னு பொய்யா கூவுனா, மோட்டரு போட ஓடி நான் வழுக்கி வுழுந்தேன். இந்த பேஜாரு புடிச்சவ கையிலயா?" என்று ஒருத்தர் எகிறினார்.

"அவதான் சரி. யார் கெஞ்சுனாலும் கிண்டல் பண்ணிகினு நிப்பா. அவ அம்மாவுக்கே தரமாட்டா" என்றாள் அத்தை.

பாராட்டா, திட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விடிகாலையில் நாலு பேர் பேட்டரியை ஆடாமல் சாயாமல் தூக்கி மாதா வண்டியின் அடித்தட்டில் வைத்தார்கள். பேனலை மாதா தலைக்கு மேலே கூரை மாதிரி கட்டினார்கள். அத்தை சந்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் யாராவது "நீ இல்லன்னா" என்று ஆரம்பித்திருப்பார்கள்.

நாலாம் நாள் பொழுது சாய்கிற நேரம் கரண்ட் போனது. சொல்லிவைத்த மாதிரி சைமாவுக்கும் இழுத்தது. மஜீது பாயின் சம்சாரம் ரஹீமுன்னிசா குழந்தையோடு உள்ளே வந்ததும் நான் கதவைத் தாழ் போட்டேன். மெஷின் ஓட ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே சந்து நின்றது. ஆளாளுக்குக் கையில் போன். பேட்டரியின் அமில வாடை, புழுக்கம், நாலு பக்கமும் சுவர். கொஞ்ச நேரத்திலேயே எனக்கு மூச்சு முட்டியது. அத்தை இதை வருஷக்கணக்காக எப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை.

"சாண்ட்ரா, ரெண்டே பர்சன்ட்டுடி" என்றாள் அம்மா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"அது போதும். சீரியல்ல இன்னா நடக்கும்னு நான் சொல்றேன். மாமியார் அழுவா."

அப்போது என் போன் அடித்தது. அத்தை. சத்தமாகத்தான் பேசினாள், வெளியே வரைக்கும் கேட்டிருக்கும்.

"மரக்காணத்தாண்ட கீறோம்டி. உப்பளம் வெள்ளையா ஜொலிக்குது. இங்கியும் சார்ஜுக்கு லைன் நிக்குறாங்கோ. நடக்குறவங்க எல்லாம் எங்கிட்டயே. ஆனா இங்க லைனும் கூட நடக்குது, அது பரவால்ல." சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம். அப்புறம் குரல் இறங்கியது. "அங்க கரண்டு கீதா? பாப்பா எப்டி கீது? இழுத்தா சொல்லு. நான் பஸ்ஸப் புடிச்சி வந்துர்றேன்."

சைமாவின் மாஸ்க்கில் புகை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ரஹீமுன்னிசா என்னைப் பார்த்தாள். ஜன்னலில் சந்து மொத்தமும் என்னைப் பார்த்தது.

"ஜோரா கீது அத்தை" என்றேன். "கரண்டு போவவே இல்ல. பாப்பா வெளையாடுது."

"இன்னாடி அது, கொர்ருனு சத்தம்?"

"ஃபேனு. அஞ்சுல வச்சிகீறேன்."

"ஃபேனா?" என்றாள் சந்தேகமாக. நான் சொல்கிற எதையும் நம்பக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு வேறு பொய் வரவில்லை.

அப்போது இருட்டில் நின்ற மஜீது பாய் ஜன்னலில் வாயை வைத்துக் கத்தினார். "யார்டா அங்க, டிவி சத்தத்தக் கொஞ்சம் கொறைங்கடா. காது போவுது."

எங்கள் அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "என் டிவி, நான் பாக்குறேன். உனுக்கு இன்னா பாய்?" என்றாள். ரெண்டு பர்சன்ட் போன் அவள் கையிலேயே அணைந்துபோனது.

"இதுங்க சண்டை இன்னும் ஓயலயா" என்றாள் அத்தை. "சரி, வைக்கிறேன். மாதா வண்டி கெளம்பிடுச்சி."

போனை வைத்தேன். அப்புறம் ஒவ்வொருத்தராக ஜன்னலை விட்டுக் கலைந்து, வீட்டு வாசல்களில் போய் உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் நின்றாள்.

"கதவத் தொறடி. உள்ள காத்து இல்லாம கெடக்குற. விசிறியாவது வீசுறேன்."

"கையில அயர்ன் பாக்ஸ் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் தாழ்ப்பாளை எடுத்தேன்.