‘பறந்துவிட்டாள்’ என்ற அறிவிப்பு

க்யெபாந்தோ பக்கம் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா, மழையில் சாக்கடை ஏறுமா என்றெல்லாம் கேட்பார்கள். ஒலிபெருக்கிக் கம்பம் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்பதில்லை. குடிவந்த மறுநாள் விடியற்காலையில் தூக்கிவாரிப் போட்டு எழுந்த பிறகுதான் அந்தக் கேள்வி அவர்களுக்குத் தோன்றும். நான் அந்தக் கம்பத்துக்கு நேர் கீழே சப்பாத்திக் கடை போட்டிருக்கிறவன். இரண்டு முட்டை கேட்டவனுக்கு நாலு முட்டை ஊற்றிக் கொடுத்து எத்தனையோ தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் அந்தக் கம்பத்தின் புண்ணியம்.

யூகலிப்டஸ் மரக் கம்பம். உச்சியில் நாலு திசையையும் பார்த்து நாலு குழாய். அடியில் ஒரு தகரக் கூண்டு. அதற்குள் ஆம்பிளிஃபயர், கார் பேட்டரி, பஞ்சு பிய்ந்துபோன ஒரு மைக். அந்த மைக்குக்குப் பின்னால் ஸலோங்கோ.

அவருடைய சொந்தப் பெயர் லுபோவா. அடையாள அட்டைக்கு வெளியே அந்தப் பெயர் புழங்கி நான் கேட்டதில்லை. கம்பாலா ஜனங்களிடம் ஒருவன் இரட்டைப் பிள்ளைக்குத் தகப்பனாகிவிட்டால் அத்தோடு அவன் பெயர் போயிற்று. கடைசி மூச்சு வரைக்கும் ஸலோங்கோதான். லேசான மரியாதை இல்லை அது. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். ஆனால் எங்கள் ஸலோங்கோவின் இரட்டைப் பெண்களை க்யெபாந்தோவில் வெகுகாலம் ஒருவரும் பார்த்ததில்லை. அவர்கள் நடை பழகும் முன்பே தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். தாயின் தங்கை வந்து மூத்தவள் பபிர்யேயையும் இளையவள் நகாத்தோவையும் மசாக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இவர் இங்கேயே ஒற்றை அறையில் தங்கிப்போனார். பகல் பூராவும் ஊர் இவரை அப்பனே அப்பனே என்று கூப்பிடும். இருட்டினால் தின்னும் சோற்றுக்குத் துணை கிடையாது.

அதனால்தானோ என்னவோ, மைக்கை எடுத்தால் வைக்க மாட்டார். காணாமல் போன ஆடு, காலியான அறை, தடுப்பூசி போட வந்திருக்கும் நர்சு, கால்பந்து காட்டும் கொட்டகையின் டிக்கெட் எல்லாம் அவர் வாயால்தான் எங்களுக்கு வரும். வெறும் தகவல் சொல்லி நிறுத்திக்கொள்கிற மனிதரும் இல்லை. வழிதவறிய பிள்ளை ஒன்று கூண்டில் வந்து உட்கார்ந்தால், பச்சைச் சட்டை, ஒற்றைச் செருப்பு, பேர் கேட்டால் அம்மா பையன் என்கிறான், பெற்றவள் வரும்போது கையில் ஒரு பன்னோடு வரவும், அழுகை தாங்க முடியவில்லை என்று அறிவிப்பார். தெருவே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டுச் சப்பாத்தியைக் கருக்கிவிடுவேன்.

சாவுச் செய்தி என்றால் குரல் இறங்கிவிடும். யார் போனது, யார் பிள்ளை, எந்தக் குலம், எந்தெந்த ஊர் உறவுக்குத் தெரியவேண்டும் என்று நிதானமாகச் சொல்வார். இதில் ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனம். இரட்டையரில் ஒருவர் போனால் இறந்தார் என்று சொல்லக்கூடாது. பறந்துவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். மற்ற வார்த்தை வாயில் வந்தால் மிச்சமிருக்கும் இன்னொருவரையும் அது கூட்டிக்கொண்டு போய்விடும் என்பார்கள். நான் வடமேற்கே ஆருவாவிலிருந்து பிழைக்க வந்தவன். எங்களிடம் இந்த வழக்கம் இல்லை. தலையில் தொப்பி வைத்திருக்கிறேன் என்பதற்காக இவர்கள் என்னை ஹாஜி என்கிறார்கள். எண்டெபே விமான நிலையத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி, மெக்காவுக்கும் எனக்கும் வெகுதூரம். அப்படிப்பட்ட என்னிடம் பெயர்களைப் பற்றிக் குறை சொல்ல ஏதுமில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம் பபிர்யே வந்தாள். வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலைக்குப் போகிறாளாம். அன்று ராத்திரியே விமானம், அப்பனிடம் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள். அவருடைய ஒரே நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டு, அவர் தண்ணீர் கேனைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். என்னிடம் சப்பாத்தி வாங்க வந்தபோது, முட்டை நிறையப் போடு, என் மகள் சாப்பிடுகிறாள் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மைக் இல்லாமலே.

மறுநாள் காலை அறிவிப்பில் முதல் செய்தியே அதுதான்.

"ஜனங்களே, ஸலோங்கோ பேசறேன். என் மூத்த மக பபிர்யே நேத்து பறந்துட்டா."

வாழைத்தார் விற்கும் நம்பூசி கையிலிருந்த கத்தியைக் கீழே போட்டுவிட்டாள். கசாப்புக் கடை கியிங்கி ஆட்டைத் தொங்கவிட்டபடியே ஓடினான். கொஞ்ச நேரத்தில் அவர் வாசலில் பாய் விரித்தாயிற்று, நெருப்பு மூட்டியாயிற்று, பெண்கள் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு வாழைக்காய் உரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். வருகிறவன் எல்லாம் அவரைக் கட்டிக்கொள்கிறான். இவரோ தன் மகளுக்கு வேலை கிடைத்ததில் ஊருக்கு இவ்வளவு சந்தோஷமா என்று வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கிழவிகள் கிசுகிசுத்தார்கள். கடைசியில் கியிங்கிதான் மெதுவாக, எப்படிப் பறந்தாள் என்று கேட்டான். எப்படியா, ஜன்னலோரச் சீட்டில் என்றார் ஸலோங்கோ.

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. வெந்த வாழைக்காயை வீணாக்குவானேன் என்று எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். பிறகு வெகுகாலம் அது க்யெபாந்தோவின் சொந்தப் பகிடியாக இருந்தது. மசாக்கா பஸ் ஏறுகிறவன்கூட, நான் பறந்துட்டேன்னு மைக்ல போடுங்க ஸலோங்கோ என்று கத்திவிட்டுப் போவான். அவரும் சிரிப்பார். என்னிடம் மட்டும் ஒருநாள், என் வாசலில் அத்தனை பேர் உட்கார்ந்தது அன்றைக்கு ஒருநாள்தான் என்றார். அதை வருத்தமாகச் சொன்னாரா சந்தோஷமாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு ஊர் மாறிய வேகம் கொஞ்சநஞ்சமல்ல. வரிசையாக இருந்த ஒற்றை அறைகளை இடித்துவிட்டு மாடி வீடுகள் கட்டினார்கள். வந்தவர்கள் மதில் எழுப்பி, மதிலின்மேல் கண்ணாடிச் சில்லும் பதித்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் காலையில் தூக்கம் வேண்டுமாம். வட்டாரத் தலைவர் எல்லோரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். ஆடு காணாமல் போனால் இப்போது ஆட்டின் போட்டோவே வந்துவிடுகிறது. அப்புறம் சத்தத்தைப் பற்றி ஒரு உத்தரவும் வந்தது: சாவும், காணாமல் போன பிள்ளையும் தவிர வேறெதற்கும் மைக் கூடாது, குழாயின் ஒலியையும் பாதியாகக் குறைக்கவேண்டும். எனக்குக் காது நிம்மதிதான். பொய் சொல்வானேன், முதல் வாரம் அல்லாவுக்கு நன்றி சொன்னேன். அப்புறம்தான் கூண்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவரிடம் இருந்தது பட்டன் போன். அதில் எந்தக் குழுவும் வராது. ஊருக்கே செய்தி சொன்னவருக்கு ஊர்ச் செய்தி கடைசியாகத்தான் தெரிந்தது. கரிக்கடைக்காரன் மகள் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு, நான் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவர் கேள்விப்பட்டார். அப்படியா, நல்லது என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தியைப் பிய்த்துப் பிய்த்து வெகுநேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்தால் எழுந்து போகவேண்டுமே.

போன பெருமழைக் காலத்தில் ஒரு காலை, அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் மசாக்காவிலிருந்து நகாத்தோ கூப்பிட்டாள். எடுத்துப் பேசினார். பேசவில்லை, கேட்டார். போனை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பபிர்யே பறந்துட்டா, ஹாஜி."

முகத்தைப் பார்த்ததும் எந்தப் பறப்பு என்று தெரிந்துவிட்டது. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். அங்கிருந்து அவ்வளவுதான் சொன்னார்கள். உடலை அனுப்பும்போது தகப்பனைக் கூப்பிடுவார்களாம், அவர்தான் எண்டெபே போய் வாங்கவேண்டும். அதனால் மசாக்காவுக்கும் போக வழியில்லை. நகாத்தோ நிறைமாதம். அப்பா, அந்த வார்த்தையை நீங்களும் சொல்லாதீங்க, யாரையும் சொல்லவும் விடாதீங்க, என் வயித்துல பிள்ளை இருக்கு என்று அழுதிருக்கிறாள். நானும் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

போய் வாசலைப் பெருக்கினார். என்னிடம் வாங்கிய பாய்களை விரித்தார். கூண்டுக்குத் திரும்பி வந்து, இறங்கிய குரலில், தன் குலத்தையும் தகப்பன் பெயரையும் முறைப்படி சொல்லி, மூத்த மகள் பபிர்யே பறந்துவிட்டாள் என்று அறிவித்தார்.

கியிங்கி எலும்பை வெட்டிக்கொண்டே எதிரிலிருந்து கேட்டான். "மறுபடியுமா? இந்தத் தடவை ஜன்னல் சீட்டா, நடு சீட்டா?"

சவாரிக்கு நின்ற மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹார்ன் அடித்து வாழ்த்தினார்கள். என் போனில் குழு முழுக்கச் சிரிக்கிற மூஞ்சிகள். மாடி வீட்டில் ஒரு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. நான் கியிங்கியிடம் ஓடினேன். இது விளையாட்டு இல்லை என்றேன்.

"அப்ப செத்துட்டாளா? சொல்லு."

"அதை நான் சொல்லமாட்டேன்."

"அப்ப விமானந்தான்" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி கத்தியை ஓங்கினான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தக் கடைத்தெருவில் ஒருவரை ஒருவர் ஏமாற்றிச் சிரிப்பதில் நானும் அவனும் ஜோடி. நம்பூசி இருந்தால் புரிந்துகொண்டிருப்பாள். அவள் அன்றைக்கு லாரி வருமென்று சந்தைக்குப் போயிருந்தாள்.

ஸலோங்கோ பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமே என்று மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வெயில் பாய்மேல் ஏறிவிட்டது. நான் அடுப்பை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு பக்கத்தில் போய்க் குத்தவைத்தேன்.

"குழாய்ல சத்தத்தைப் பாதியாக்கிட்டாங்கல்ல. கேட்டிருக்காது" என்றார்.

இன்னொரு முறை போய் அறிவித்தார். இந்த முறை கைதட்டல் கேட்டது. திரும்பி வந்து அதே மூலையில் உட்கார்ந்தார். விமானத்தில் இல்லை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லித் தொலையுங்களேன், புரிந்துவிடும் என்று கோபமாகவே சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ விமானத்துலதானே வரப்போறா, ஹாஜி."

அதற்குமேல் அங்கே உட்கார என்னால் முடியவில்லை. கடைக்குப் போய் அடுப்பை அணைத்தேன். கூண்டுக்குள் நுழைந்தேன். இத்தனை வருஷம் அதன் கீழே பிழைத்தும் அந்த மைக்கை நான் தொட்டதில்லை. எந்தப் பட்டனை அமுக்குவது என்று தெரியாமல் முதலில் ஒரு பெரிய கீச்சல் கிளம்பியது. தெருவே காதைப் பொத்தியது. அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று சத்தியம் கொடுத்திருக்கிறேன். என்ன சொல்வது என்று யோசித்துவிட்டுப் போகவில்லை. வாயில் வந்தது இதுதான்.

"நான் சப்பாத்திக் கடை ஹாஜி. ஸலோங்கோ வாசல்ல பாய் விரிச்சுத் தனியா உக்காந்திருக்காரு. காலைலேர்ந்து ஒருத்தரும் வரல. வந்து கூட உக்காருங்க."

கியிங்கியின் கத்தி நின்றுவிட்டது. அது எனக்குக் கூண்டுக்குள்ளிருந்தே கேட்டது.

நான் திரும்பிப் போனபோது ஸலோங்கோவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "அதையெல்லாமா மைக்ல சொல்லுவாங்க?" என்றார். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் அவர் முதுகில் கை வைத்தேன்.

முதலில் வந்தது நம்பூசி. சந்தையிலிருந்து திரும்புகிற வழியில் கேட்டிருக்கிறாள். தலைச்சுமையைத் தெருவிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, இடுப்பில் துணியை இறுக்கிக்கொண்டு வந்து, எதுவும் கேட்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே கரிக்கடைக்காரன் வந்தான். மதில் வைத்த வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை. கியிங்கி ரத்தக் கறை படிந்த மேல்துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு சந்துமுனையில் நின்றான். வரவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் அங்கேயே நின்றான்.

ஸலோங்கோ அவனைப் பார்த்தார். பாயில் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.