அத்தித் தோட்டத்து மாப்பிள்ளை

சொட்டுநீர்க் குழாய் ரிப்பேர் செய்கிறவனை எந்தத் தோட்டத்திலும் சிரித்த முகத்தோடு வரவேற்பதில்லை. செடி வாடிய பிறகுதான் அவன் ஞாபகமே வரும். சர்வீஸ் வேலையில் காலம் தள்ளும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் ஒட்டன்சத்திரத்துக்காரன். கம்பெனி இருப்பது புனேயின் ஹடப்சரில். புனேயை அடுத்த சாஸ்வட் ஊர்ப்பக்கத்து அத்தித் தோட்டங்களெல்லாம் என் தலையில். அங்கேதான் விகாஸ் பழக்கமானான். அப்பாவோடு சேர்ந்து தோட்டத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன். அந்தத் தோட்டத்திலேயே இருக்க வேண்டும், ஒரு கல்யாணமும் ஆக வேண்டும், இவ்வளவுதான் அவன் ஆசை. இரண்டும் சேர்ந்து நடப்பதாகத் தெரியவில்லை.

வீடு பார்க்க வந்தவர்கள்

பெண் பார்த்து முடிந்ததும், பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளையின் வீடு வாசலைப் பார்ப்பது அங்கே வழக்கம். ஸ்வாதி என்ற பெண்ணின் வீட்டார் அப்படி வந்த அன்று, நான் விகாஸின் மோட்டார் அறையில் ஃபில்டர் கழுவிக்கொண்டிருந்தேன். விகாஸ் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பழுத்த அத்தியாகப் பொறுக்கித் தட்டில் வைத்து நீட்டினான். பெண்ணின் மாமா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். என் சட்டையில் இருந்த கம்பெனிப் பெயரைத் தடவாத குறையாகப் பார்த்தார். மாதச் சம்பளமா, பி.எஃப். உண்டா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று மராத்தியில் குடைந்தார்.

விகாஸ் தட்டோடு நின்றுகொண்டே இருந்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கிளம்பும்போது மாமா அவன் தோளைத் தட்டிச் சொன்னார்: "பழம் அருமை தம்பி. ஆனா பழத்தை நம்பிப் பொண்ணு தர முடியாதே."

என் மாமனார்

ஆறாத கோபத்தோடு அன்றைக்கே ஊருக்கு ஃபோன் போட்டு மாமனாரிடம் கொட்டினேன். அவரும் விவசாயி, தக்காளி, முருங்கை. எனக்காக இரண்டு வார்த்தை அந்த மாமாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எனக்கும் ஒரு காலத்தில் நாலு செடி வைத்துப் பிழைக்க ஆசைதான். அதை வெளியே சொல்லாமல் புனே வேலையைச் சொன்னதால்தான் பெண்ணே கிடைத்தது. அந்த ஆசை இன்னும் போகவில்லை.

மாமனாரோ சொன்னார்: "அவரு சொன்னதுல என்ன தப்புங்க மாப்ள? வெலை இல்லாம தக்காளிய ரோட்டுல கொட்டிட்டு வந்தன்னைக்கே எம்பொண்ண இதுல தள்ளக் கூடாதுன்னு நானும் முடிவு பண்ணிட்டேன்."

கேட்டில் நின்றவன்

சில மாதம் கழித்து, ஹடப்சரில் ஒரு ஐ.டி. ஆபீஸ் புல்வெளிக்குக் குழாய் மாற்றப் போனேன். கேட்டில் தொப்பியும் யூனிஃபார்முமாக என் பைக்கை மறித்த செக்யூரிட்டி, நம் விகாஸ். இந்த வேலை கிடைத்ததும் அதே மாமா தேடி வந்து ஸ்வாதியைப் பேசி முடித்துவிட்டாராம்.

தோட்டத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். அவன் ஃபோனை எடுத்தான். இருந்த இடத்திலிருந்தே ஃபோனில் தோட்டத்து மோட்டாரைப் போடும் கருவியை நான்தான் பொருத்திக் கொடுத்திருந்தேன். அழுத்திவிட்டு, உள்ளே நுழையும் கார்களைக்கூடக் கவனிக்காமல் திரையையே பார்த்தான். "மோட்டார் ஓடுதுன்னு இது சொல்லுது, அண்ணா. மண்ணு நனைஞ்சுதான்னு சொல்லமாட்டேங்குது."

ஒரு கப் டீ

கல்யாணம் முடிந்தது. தனியாகச் சமாளிக்க முடியாமல் விகாஸின் அப்பா தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். தம்பதி ஹடப்சரில் ஒற்றை அறைக்குக் குடிவந்ததும் என்னை டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். வாய் சும்மா இருக்குமா? "நீ வேலைதான் வேணும்னு பிடிவாதம் பிடிக்காம இருந்திருந்தா, இவன் இந்நேரம் அத்திக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இருப்பான்மா" என்று ஸ்வாதியைச் சீண்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. விகாஸைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நானா? தோட்டத்துல இருக்கறவர்னுதானே எனக்கு முதல்லயே பிடிச்சுது. என்னை யாரு கேட்டாங்க, அண்ணா?"

தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வேர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் எங்கள் கம்பெனி, விவசாயியை அவன் தோட்டத்திலேயே இருக்க வைக்கிற கருவியை மட்டும் இன்னும் தயாரிக்கவில்லை.