செலினின் பின்சக்கரம்

செலினின் டயரில் முள் ஏறவில்லை. நான் சொன்னது பொய். அவளைத் தோற்கடித்தவன் நான்தான்!

செலின் என் தங்கை. மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவள். நான் அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். இரும்புக் கம்பியால் டயரை ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஓசையை வைத்தே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு எவ்வளவு திமிர், தெரியுமா உங்களுக்கு?

மாநில அணிக்கான தேர்வுப் போட்டி, இண்டூருக்கு அப்பால் ஒரு கரட்டில் நடந்தது. மண்ணைவிடக் கல்லே அதிகமுள்ள குன்று அது. முந்தின நாள் மாலை செலின் காற்று அளக்கும் கேஜைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"அண்ணா, முப்பத்தஞ்சு இருக்கணும். கொறைஞ்சா பாறையில ட்யூப் நசுங்கிடும்னு கோச் சொன்னாரு. இதுலயே பாத்து அடிச்சிடு."

கடையில் நாலைந்து டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சிரித்தார். "லாரிக்கே கேஜ் வெக்காத ஆளுக்கு, சைக்கிளுக்குக் கேஜா?"

அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது... கேஜைச் சட்டைப்பைக்குள் போட்டேன். காற்றை அடித்து, கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தேன். கொஞ்சம் தளர்வாக இருந்தால் கல்லில் துள்ளாது என்று நானே முடிவு செய்து, அத்தோடு நிறுத்திக்கொண்டேன். என்ன தெரியும் எனக்கு, மலைப்பாதையைப் பற்றி? ஒன்றும் தெரியாது! ஆனாலும், "முப்பத்தஞ்சு இருக்குது" என்று அவளிடம் சொன்னேன். அவள் மறுபடி அளந்து பார்க்கவில்லை. நான் சொன்னால் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

அணிக்கு இரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். கடைசி இறக்கம்வரை செலின் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். அங்கே கூரான விளிம்புள்ள ஒரு கல்லில் பின்சக்கரம் இடித்தது. காற்று போயிற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடிவந்தாள். அதற்குள் ஏழு பேர் அவளைத் தாண்டிவிட்டார்கள்.

டயரைக் கழற்றியதும் நான்தான். ட்யூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள், பாம்பு கடித்த தடம் போல. முள் ஏறினால் ஓட்டை ஒன்றுதான் விழும். இரண்டு விழுந்தால், காற்றுப் போதாமல் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கியிருக்கிறது என்று பொருள். பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு இது புரியாதா? பார்த்த கணமே புரிந்தது.

"என்னண்ணா ஆச்சு?"

ட்யூபைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன். காலடியில் கிடந்த வேலிக்காத்தான் முள் ஒன்றை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"முள்ளும்மா."

எங்கள் பக்கம் பஞ்சர் என்றால் முள்தான். யாருக்குச் சந்தேகம் வரும்? அவள் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்த எறக்கத்துல நாந்தான் ஓரமாப் போய்ட்டேன்" என்றாள். அழவில்லை. என்னை இரண்டு வார்த்தை திட்டியிருந்தாலாவது... எதற்குத் திட்டுவாள்? அவளுக்குத்தான் ஒன்றுமே தெரியாதே!

அதற்குப் பிறகு அவள் போட்டிக்குப் போகவில்லை. பாதை பார்க்கத் தெரியாதவள் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு, தர்மபுரியில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறாள். ஒவ்வொரு தவக்காலத்திலும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மண்டியிடுகிறேன். குடித்தது, கோபப்பட்டது, பூசைக்குப் போகாதது எல்லாம் சொல்கிறேன். இதை மட்டும் விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். சொல்லித்தான் என்ன? சாமியார் மன்னித்துவிடலாம். அவருடைய டயரிலா காற்று போயிற்று?

எரிச்சலாக இருக்கிறது எனக்கு! அவள் மேல் அல்ல. கேஜை எடுத்து ஒரு தடவை வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

போன வாரம் நல்லம்பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். சைக்கிளை அவருக்கே கொடுத்துவிடுவதாகச் செலின் சொல்லியிருந்தாள். நான் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓரமாப் போவாதீங்க டீச்சர், முள்ளு கெடக்கும்" என்றாள் செலின். "காத்து மட்டும் அண்ணங்கிட்டயே அடிச்சுக்குங்க. அன்னைக்கும் அது கேஜ் வெச்சுப் பாத்து சரியாத்தான் அடிச்சுது. என் கண்ணுதான் சரியாப் பாக்கலை."

ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா?"

செலின் என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றிருந்தாள்.

"ஆமாங்க" என்றேன்.