மூணாவது டிக்கில் அம்மா

"இன்னாம்மா, எலக்ட்ரானிக்ஸ் படிச்ச பொண்ணு நீ. காலி கார்டுல குரல் கேட்டுச்சுன்னு வேற யார்கிட்டயும் சொல்லிடாத, சிரிப்பாங்க."

ஆண்டர்சன்பேட்டையில் மொபைல் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னது இது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வேறொருத்தி வந்து சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், பேய் ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள். மூடிக் கிடக்கிற சுரங்கத்துக்குள்ளிருந்து சத்தம் வருகிறது என்று சுரங்கத் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீடுகளில் பேசுவார்கள், அது காற்று என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்திருக்கிறேன். நீங்களும் நம்ப வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் வாசலில் மணி அடித்தவர். நிறுத்த இத்தனை மணி, இறக்க இத்தனை மணி என்று கணக்கு உண்டு. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறது என்று அர்த்தம். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கல்லூரி நாளில் நான் பழையதாக வாங்கிய மியூசிக் பிளேயரை என்னைவிட வேகமாக ஓட்டுவார். அதன் சக்கரத்தில் விரலைச் சுற்றினால் ஒவ்வொரு வரிக்கும் டிக் என்று ஒரு சத்தம் வரும். திரையைப் பார்க்கவே மாட்டார், டிக்கை எண்ணி அழுத்துவார். மூணாவது டிக்கில் அம்மா.

அம்மா இறப்பதற்கு முந்தைய வருடம் நான் சின்ன மைக் ஒன்றைச் செருகி விளையாட்டாகப் பதிவு செய்தது அது. தாலாட்டு இரண்டு வரி, ஒரு சிரிப்பு, பிறகு "போதும் நிறுத்து பாப்பா, போய்ப் படி." அவ்வளவுதான். எங்களிடம் அம்மாவின் குரல் வேறு எதிலும் இல்லை. "ஆளு ஏறுற மணி, அது அவளுக்குத்தான்" என்று அப்பாதான் அதை மூன்றாவதாக வைக்கச் சொன்னார்.

போன வருடம் பிளேயருக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் கரகரக்கத் தொடங்கியது. அதை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்திவிட்டால் இடமும் அதிகம், கீழே விழுந்தாலும் கெடாது. ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்தேன். முதலில் உள்ளே இருந்ததைக் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்தேன். பாட்டெல்லாம் வந்தது, அம்மா மட்டும் வரவில்லை, டிஸ்க்கில் அந்த இடம்தான் கெட்டிருந்தது. திரும்பத் திரும்ப முயன்றேன், கடைசியில் டிஸ்க் சுற்றுவதே நின்றுபோனது.

அப்பாவிடம் சொன்னேன்.

"இன்னா இன்ஜினியரு நீ? மூணாவதுல கீறா, நல்லா பாரு."

"இல்லப்பா, டிஸ்க்கே செத்துப்போச்சு."

"டிஸ்க்கு செத்தா அவளுக்கு இன்னா?" துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் கார்டைப் பொருத்தி, மூடி, கம்ப்யூட்டரில் இணைத்துப் புதிதாக்கினேன். பாட்டு பூஜ்யம் என்று காட்டியது. ஏற்றுவதற்கு முன் சோறு வைத்துவிடலாம் என்று அடுப்படிக்குப் போய் அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். கூடத்தில் டிக், டிக், டிக். அப்பா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பிறகு அவர் சிரிக்கிற சத்தம். "வரேன் வரேன், கத்தாத" என்கிறார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் பாட்டு எதுவும் இல்லை என்றுதான் இருந்தது. அவர் காதிலிருந்து ஒரு இயர்போனைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். தாலாட்டு, சிரிப்பு, போய்ப் படி. அங்கே முடிய வேண்டும். முடியவில்லை.

"இன்னாங்க, கைய கழுவிக்கினு வாங்க. பாப்பா சோறு வச்சிருக்கா."

அம்மா இருந்தவரை என்னை அடுப்புப் பக்கம் விட்டதே இல்லை. உலை வைக்க நான் கற்றுக்கொண்டது அவர் போன பிறகு. மற்ற எல்லாவற்றையும் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன், இந்த ஒரு வரியை இன்றுவரை முடியவில்லை.

"பாட்டு வேணாம், அப்படியே உடு" என்றுவிட்டார் அப்பா. அதனால் கார்டு இன்னும் காலியாகவே இருக்கிறது. அவர் தினமும் சாயங்காலம் கேட்கிறார், சிரிக்கிறார், சில நாள் சண்டையும் போடுகிறார். அந்த ஒரு நாளுக்குப் பிறகு என் காதில் வைத்தால் ஒன்றுமில்லை, இரைச்சல்கூட இல்லை.

"உன்கிட்ட மட்டும்தான் பேசுவாங்களா?" என்று ஒருநாள் சண்டைக்குப் போனேன்.

"நீ வேலைக்குப் போற பொண்ணு. உன்ன இன்னாத்துக்குத் தொந்தரவு பண்ணணும்னு பாக்குறா."

போன வாரம் பேட்டரி உப்பி, பிளேயரின் பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றது. அப்படியே விட்டால் தீப்பிடிக்கலாம். திறந்தால் அந்தக் குரல் என்ன ஆகும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அப்பாதான் அதை என் கையில் வைத்தார்.

"நீ கை வச்சா எங்கயும் போமாட்டா. தொற."

இன்று காலை மூடியை நெம்பி, பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டேன், புதியதை இன்னும் பொருத்தவில்லை.