அடிபம்பைத் தொட்டுக் கும்பிட்ட பெண்

அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு அவள் குடிவந்தது எண்பதுகளின் நடுவில். தனியாக வந்தாள், கல்யாணம் ஆகவில்லை. அவள் அப்பா தாம்பரத்தில் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்றதால் என் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். "இன்னா வேலை?" என்று கேட்டார். "கார்ட்டூன் படம் எடுக்கறேன் சார்" என்றாள். ஒரு விளம்பரக் கம்பெனியில் சோப்புக்கும் பல்பொடிக்கும் பொம்மைப் படம் வரைந்துகொண்டிருந்தாளாம். சொந்தமாக ஒரு படம் செய்யவேண்டும் என்று அந்த வேலையை விட்டுவிட்டாளாம். மாதச் சம்பளத்தை யாராவது விடுவார்களா? கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குத் திக்கென்றது.

நான் எப்போதும் கதவுக்குப் பின்னால்தான். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. வெளி ஆள் வந்தால் வாய் வராது. கல்யாணப் போட்டோவில்கூட என் முகம் பாதிதான் தெரியும்.

ஒருநாள் மாடிக்குக் குழம்பு கொண்டுபோனேன். கண்ணாடிப் பலகை, அதன் அடியில் எரியும் டியூப்லைட், மேலே தாள். ஒரே காக்காயை, இறக்கையை மட்டும் துளி நகர்த்தி, தாள் தாளாக வரைந்துகொண்டிருந்தாள். தாள்களைக் கட்டாகப் பிடித்து விரலால் விசிறிவிட்டாள். காக்கா எழும்பியது, தாள் தீர்ந்துபோனது.

"இது எவ்ளோ நாள் வேலைம்மா?"

"ஒரு வாரம்க்கா."

கிண்ணத்தைத் திருப்பி வாங்கக்கூட மறந்து கீழே இறங்கிவிட்டேன். ஒரு வாரம், கண்ணை இமைப்பதற்குள் முடிந்துபோகிற ஒரு காக்காய்க்கு.

அப்படியே மூன்று வருடம் ஓடியது. வாடகைக்காகக் கடை போர்டுக்கும் பாடப் புத்தகத்துக்கும் வரைந்து கொடுப்பாள். மிச்ச நேரமெல்லாம் அந்தக் கண்ணாடிப் பலகைதான். படம் முடிந்ததும், டில்லியில் நடக்கிற படவிழாவுக்கு அனுப்புவதற்கு முன்னால் தெருக்காரர்களுக்குக் காட்டுகிறேன் என்றாள். மொட்டைமாடிச் சுவரில் வேட்டி கட்டி, படம் காட்டும் மெஷினை வாடகைக்குக் கொண்டுவந்து, விளக்கு வைத்த நேரத்தில் போட்டாள். நான் கடைசியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றுகொண்டேன்.

வெயில் காலம். ஒரு தெரு, அதன் மேலே அந்தக் காக்காய். ஒரு பெண் அடிபம்பு அடிக்கிறாள், தண்ணீர் வரவில்லை. பம்பின் அடி ஆடுகிறது. அதைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு அடிக்கிறாள். கடைசியில் கையை விட்டுவிட்டு, குனிந்து, மிதித்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.

எல்லோரும் சிரித்தார்கள். என் நாத்தனார் திரும்பி என்னைத் தேடினாள். "அண்ணி, இது நீதான். மூஞ்சி தெரியலன்னாலும், புடவைய தூக்கிச் சொருகிக்கினு நிக்கறது காட்டிக்குடுக்குதே."

எதிர்வீட்டுக்காரர் விடவில்லை. "முனிசிபாலிடிக்காரன் கால்ல வுழ வேண்டியது. பம்பு கால்ல வுழுது பாரு."

வேட்டியில் இருந்தது என் முதுகுதான், என் கைதான். ஆனால் அப்படித் தொட்டு ஒற்றிக்கொள்வேன் என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை வயதுக்கு நான் அறியாத என்னை, தெருவே ஒன்றாக உட்கார்ந்து பார்த்துவிட்டது. எப்படிப் படி இறங்கினேன் என்று நினைவில்லை.

காலையில் என் வீட்டுக்காரர் காப்பியைத் தொடவில்லை. "ஊரே சிரிக்குது. படத்துல அந்தத் துண்ட வெட்டச் சொல்லு. இல்லாங்காட்டி மாடிய காலி பண்ணச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

அதைக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது, அவளே இறங்கி வந்தாள். இரவெல்லாம் தூங்காத முகம்.

"அக்கா, உங்களைக் கேக்காம வரைஞ்சது தப்பு. நீங்க சொன்னா வெட்டிடறேன்."

"வெட்டுனா இன்னா ஆவும்?"

"அப்புறம் படம்னு ஒண்ணு இல்ல."

எனக்குப் புரியவில்லை. காக்காய் இருக்கிறதே, தெரு இருக்கிறதே என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இங்க வந்த புதுசுல என்ன வரையறதுன்னே தெரியல. பழைய கம்பெனிக்கே திரும்பிடலாம்னு பெட்டிகூட கட்டிட்டேன். அன்னிக்கு ஜன்னல் வழியா பாத்தேன், நீங்க பம்பைத் தொட்டுக் கும்பிட்டீங்க. எங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்ல. தண்ணியே குடுக்காத பம்புகிட்ட எதுக்கு மன்னிப்பு கேக்கறாங்கன்னு யோசிச்சேன். பெட்டியப் பிரிச்சிட்டேன்."

இரவு பட்ட அதிர்ச்சியைவிட இது பெரியது. என்னை வைத்து ஒரு ஆள் தன் பிழைப்பையே முடிவு செய்திருக்கிறாள். நானோ குடம் நிரம்பினால் போதும் என்று இருந்திருக்கிறேன்.

"சிரிச்சாங்களே" என்றேன்.

"நான் சிரிக்கல அக்கா."

அடுப்பில் பால் பொங்கும்போல் இருந்தது. இறக்கி வைத்துவிட்டு வந்து சொன்னேன். "வெட்டாத. டில்லிக்கு அனுப்பு."

மத்தியானம் சாப்பாடு போடும்போது அவரிடமும் சொன்னேன். "அது நான் இல்ல. கால் பட்டா எந்தப் பொம்பளையும் தொட்டுக்குவா. மாடி காலி பண்ண வேணாம்."

அவர் சோற்றில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளாக நான் அவரிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு ரசம் கேட்டார்.

படம் டில்லிக்குப் போனது. அங்கிருந்து வேறு தேசங்களுக்கும் போனதாம். அதற்குப் பிறகும் அவள் பணக்காரி ஆகிவிடவில்லை. தொண்ணூறுகளில் மாடம்பாக்கம் பக்கம் வீடு மாறினாள். ஒரு படத்துக்கு இரண்டு வருடம், மூன்று வருடம் என்று தன் போக்கில் செய்துகொண்டிருந்தாள். எனக்கு ஒன்று போய்விட்டது. பம்பு அடிக்கும்போதெல்லாம் யாரோ பார்ப்பதுபோல் இருக்கும், தொட்டு ஒற்றிக்கொள்ளப் போகிற கை பாதியில் நின்றுவிடும். மோட்டார் போட்டு பம்பைப் பிடுங்கியபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒரு பொங்கலுக்கு அவள் பார்க்க வந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. பேசிவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் வைத்திருந்த குடத்தில் அவள் கால் இடித்தது. செருப்பைப் போட்டவள் நின்றாள், சட்டென்று குனிந்து குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் நிமிர்வதற்குள், பார்க்காதவள்போல் உள்ளே திரும்பிக்கொண்டேன்.