மாமியாரின் புல்லாக்கு முத்து

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குக் கல்யாணமாகிக் கம்பத்துக்கு வந்து இரண்டாவது வருஷம். ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. என் வீட்டுக்காரர் மலைமேல் ஏலத்தோட்டத்தில் இருந்தார். பாதையில் மண் சரிந்துவிட்டதால் இறங்கி வர வழியில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது.

சாதாரணக் காய்ச்சல் இல்லை. கண் சொருகி, பால் குடிக்காமல், நனைந்த துணி மாதிரி என் மடியில் கிடந்தான். தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அடுத்த வீட்டில் என் மாமனாரின் அக்கா இருந்தார். எங்கள் வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். வந்தவர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் மாமியார் பக்கம் திரும்பினார்.

“மாந்தம் கண்ட புள்ளைக்குப் பொன்னும் முத்தும் உரைச்சு ஊத்தாம என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? ஒங்க ஆத்தா வீட்டுல அசல் முத்துன்னு பெருமையடிச்சுத்தான போட்டு அனுப்புனாக? கழட்டிக் குடு. மருமக கழுவிக் கொண்டாரட்டும்.”

மாமியாரின் மூக்கில் தொங்கிய புல்லாக்கைத்தான் சொன்னார். ஆண்டிபட்டிப் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்தது. பொன், முத்து, வசம்பு எல்லாவற்றையும் தாய்ப்பால் விட்டுக் கல்லில் உரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் கழற்றிக் கொடுத்தார்.

கொல்லையில் வைத்துக் கழுவும்போதுதான் பார்த்தேன். முத்தில் துளை ஓரமாகத் தோல் உரிந்திருந்தது. உள்ளே ஏதோ மினுங்கியது. என் அப்பா மதுரையில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதியவர். முத்தை முன்பல்லில் தேய்த்தால் பொடி மணல் போல நெருட வேண்டும், வழுக்கினால் கண்ணாடி என்று அவர் சொல்லியிருக்கிறார். தேய்த்துப் பார்த்தேன். வழுக்கியது. என் பல்லின் மேல் சந்தேகப்பட்டு அடுத்த பல்லிலும் தேய்த்தேன். அதிலும் வழுக்கியது.

கண்ணாடித்தூள் அந்தப் பிஞ்சு வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? சரி, சொல்லிவிடலாம் என்றால், ஒரு பெண்ணின் பிறந்த வீட்டுச் சீரைப் போலி என்று அவருடைய நாத்தனார் முன்னால் மருமகள் சொல்வதா? சாகும்வரை அந்தப் பெரிய மனுஷி குத்திக் காட்டியே கொன்றுவிடுவார். கை தவறிக் கிணற்றில் விழுந்துவிட்டதாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். திரும்பினால் கதவை அடைத்துக்கொண்டு அவரே நிற்கிறார். “என்னத்தா, முத்தைக் கழுவுறியா, குளிப்பாட்டுறியா?”

மாமியார் கல்லை எடுத்து வைத்து உட்கார்ந்தார். புல்லாக்கை வாங்கி உரைக்க ஆரம்பித்தார். பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். யார் மானம் போனாலும் போகட்டும், கத்திவிடுவது என்று வாயைத் திறந்தபோதுதான் அவர் கை கண்ணில் பட்டது.

முத்து அவர் கட்டைவிரலுக்கு அடியில் மறைந்திருந்தது. தங்க விளிம்பு மட்டும்தான் கல்லில் உரசிக்கொண்டிருந்தது.

“நல்லா அமுக்கி உரை” என்றார் மாமியாரின் நாத்தனார்.

“அமுக்கித்தான் உரைக்கிறேன் மதினி” என்றார் மாமியார், அரிசி களைகிற பெண் பேசுவதுபோல நிதானமாக.

திறந்த என் வாயைப் பார்த்துவிட்டு நாத்தனார், “என்னத்தா?” என்றார்.

“இன்னும் கொஞ்சம் பால் வேணுமான்னு கேக்க வந்தேன்” என்று சமாளித்தேன்.

பிள்ளைக்கு அந்த மருந்தைப் புகட்டியதும், நாத்தனார் திருப்தியாக வீட்டுக்குப் போனார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், மாமியார் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டார். “கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு” என்றார். மழை சற்று ஓய்ந்து, தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு வடிந்திருந்தது. அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பாத்துட்டியா?”

“நான் ஒண்ணும் பாக்கலை, அத்தே.”

தலையை ஆட்டிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

டாக்டர் ஊசி போட்டார். மூன்றாம் நாள் பிள்ளை கண்ணைத் திறந்து பாலுக்கு அழுதான். இன்றைக்கு அவனுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த முத்து வரும்போதே போலியா, நடுவில் எதற்காவது அசலைக் கொடுத்துவிட்டு மாட்டியதா என்று நான் கேட்கவும் இல்லை, மாமியார் சொல்லவும் இல்லை. என் பிள்ளையைக் காப்பாற்ற அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று நினைத்து நடுங்கிய அந்த நேரத்தில் அவரும் எனக்குச் சமமாக நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், அது தெரியாமல் ஒரு சொல் முந்திச் சொல்லியிருப்பேனே என்று நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு பதறுகிறது.